மாமா உயிரோடு இருக்கிற ராகம்

என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கொழும்புக்குக் கூட்டிப்போய் வெட்டி எடுத்தார்கள். கட்டி கெட்ட கட்டியில்லை என்று டொக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்கள். புண் ஆறியதும் நானும் ஒன்று கொளுத்தினேன். கொளுத்திவிட்டு, நன்றிக்கு ஒரு பாட்டுப் பாடலாமென்று வாயைத் திறந்தேன். வந்தது பாட்டில்லை. தகரத்தைச் சீமெந்துத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம்.

இதை வேறு யாராவது என்றால் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். நான் எங்கள் கோயில் பாடகர் குழாமில் முன்வரிசைக்காரி. கலியாணம் முடித்துத் தலைமன்னாருக்கு வந்த நாளிலிருந்து உயிர்த்த ஞாயிறு விடியற்காலைப் பூசையில் அல்லேலூயாவைத் தனியே எடுத்துப் பாடுவது என் வேலை. யாரும் எழுதித் தந்த பதவியில்லை அது. ஆனாலும் அந்த இடத்தில் வேறொருத்தி வாயைத் திறந்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வருடம் முழுக்க இருமலுக்குப் பயந்து ஐஸ்கிறீம் தின்னாமல் இருந்தவள் நான், அந்த ஒரு அல்லேலூயாவுக்காக.

பகலில் நான் முன்பள்ளி டீச்சர். ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் நாள் வகுப்புக்குப் போய், "காலை வணக்கம், பிள்ளையள்" என்றேன். முன்னுக்கு இருந்த ஒரு சின்னவள் கண்ணை அகல விரித்துப் பக்கத்துப் பிள்ளையிடம், "டீச்சருக்குள்ள ஒரு ஐயா இருக்கிறார்!" என்றாள். வகுப்பே எழும்பி எட்டிப் பார்த்தது, ஐயா என் வாய்க்குள் எங்கே இருக்கிறார் என்று. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அழுகையும் அந்த ஐயாவின் குரலிலேயே வந்ததுதான் கொடுமை.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் நேர்ஸ் வந்து கதவைத் தட்டினாள். எங்கள் வீட்டின் பக்க அறையில் வாடகைக்கு இருந்தவள். ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த சிங்களப் பிள்ளை, குருநாகல் பக்கம். என் மகளின் வயதுதான் இருக்கும். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படிக்கிறது போல அவர்களுடைய பள்ளிக்கூடங்களில் வட இந்திய சங்கீதம். இவள் அதைப் பள்ளிக்கூடத்தோடு விடாமல் சோதனைகளெல்லாம் எடுத்து, ஊசி போடுகிற கையால் தம்பூராவும் மீட்டக் கற்றிருந்தாள். இதெல்லாம் எனக்கு அதுவரை தெரியாது. வாடகைக்கு இருக்கிற பிள்ளை என்றால் கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்பதோடு என் விசாரணை முடிந்துவிடும்.

"அக்கா, டொக்டர் பாடலாம் சொன்னதா?" என்று கேட்டாள்.

"பாடலாமாம். ஆனால் முந்தின குரல் வருமோ எண்டு தெரியாதாம்."

"அப்ப ஏன் நேரா மேல் வீட்டுக்கு ஏறப் பார்க்கிறது? கீழ் வீடு கூட்டுங்க முதல்ல. மேல் வீடு பிறகு."

அவளுடைய தமிழ் அப்படித்தான் இருக்கும், வெட்டி வெட்டி. ஆனால் அந்தக் குசினியில் எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை.

அவள் எனக்குப் படிப்பித்த ராகத்தின் பெயர் பைரவ். விடியும் முன் பாடுகிற ராகம். முதல் நாள் தொலைபேசியில் தம்பூராச் சுருதியைப் போட்டுவிட்டு, ஸவிலிருந்து மேல் ஸ வரை ஒருமுறை பாடிக் காட்டினாள். நான் கெக்கட்டமிட்டுச் சிரித்துவிட்டேன். "இது எங்கட மாயாமாளவகௌளை தங்கச்சி! சரளி வரிசை! எங்கட பிள்ளையள் பால்பல்லு விழ முதலே பாடுறது." அதோடு விட்டேனா? அந்த ஓட்டைக் குரலில் சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் பாடியும் காட்டினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா பஸ்ஸில போறீங்க," என்றாள். "நான் சொன்னது நடந்து போக."

நடப்பது எவ்வளவு கஷ்டமென்று பிறகுதான் விளங்கியது. சுரங்கள் அதே சுரங்கள்தான். ஆனால் அந்த ரி இருக்கிறதே, அந்த ரிஷபம், அதில் போய்க் காலை ஊன்றி நிற்கக் கூடாது. அது இன்னும் நித்திரையால் எழும்பவில்லை என்பாள். அதைத் தட்டி எழுப்பக் கூடாது, காந்தாரத்துப் பக்கமிருந்து மெதுவாக வந்து, தூங்குகிற பிள்ளையின் ஏணையை ஆட்டுவது போல அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நான் ஆட்டினால் பிள்ளை ஏணையோடு கீழே விழும். "பலமா, அக்கா," என்பாள். கொஞ்சம் குறைப்பேன். "இப்ப ஆடவே இல்ல," என்பாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "உங்கட ஊரில பிள்ளையள் எப்பிடித்தான் நித்திரை கொள்ளுதுகள்?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் பாடச் சொன்னாள்.

ஆனால் ஒன்று நடந்தது. கீழ்ச் சுரங்களில் தினமும் உலாவ உலாவ, தகரச் சத்தம் தேயத் தொடங்கியது. பழைய குரல் இல்லை. இது தடித்த, கொஞ்சம் கரகரத்த வேறொரு குரல். என்றாலும் குரல். அதுவும் விடியற்காலையில் மட்டும்தான் சொல்வழி கேட்கும். முன்பள்ளிக்குப் போய், "தம்பி, மண்ணை வாயில வைக்காதேங்கோ" என்று நாலு தரம் கத்தினால் அன்றைக்கு அது முடிந்துவிடும். அதனால் விடியற்காலை எனக்கு மருந்து வேளை மாதிரி. மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன்: தவக்காலம் முழுக்க இப்படிப் பாடினால் உயிர்த்த ஞாயிறுக்கு என் அல்லேலூயா எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

கொஞ்சக் காலம் அறைக்குள் கதவைச் சாத்தித்தான் பாடினேன். தவக்காலம் தொடங்கியதும் நேர்ஸ், "இனி வெளியில வாங்க. அறைக்குள்ள குரல் சுவரோட பேசும். தூரம் போகட்டும்," என்றாள். சரியென்று அடுத்த நாள் விடியப்புறமே கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கடற்கரை. என் மனுசன் நண்டு வலை எடுக்கப் போகிறவர், மற்ற ஆட்களோடு ஏற்கெனவே கரைக்குப் போய்விட்டார். நேர்ஸுக்கு அன்றைக்கு இரவு வேலை, வீட்டில் இல்லை. நான் கண்ணை மூடினேன், ஆ என்று எடுத்தேன், ரிஷபத்துக்குப் போய் மெல்ல மெல்ல ஆட்டினேன். நல்லாகத்தான் வந்தது. அதுதான் வினை.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும், அதாவது என் மனுசனின் தகப்பன். இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்திலேயே எங்கள் ஊர் ஸ்டேசனில் வேலைக்குச் சேர்ந்து, ரயிலுக்குக் கொடி காட்டியே வயதுபோனவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபின் கட்டில்தான். வாய் மட்டும் முறியவில்லை. நான் வெளியில் பாடப் போனதற்கு முதல் நாள் அவருக்கு வயிற்றுக்குள் குத்தென்று அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி, பின்னேரமே திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியால் அன்றைக்கே வீட்டுக்கு விட்டார்கள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்கிறது: வீட்டில் கிடந்து சாகட்டும் என்று. உண்மையில் மனிதருக்கு வந்தது மலச்சிக்கல். அதைப் படலையில் நின்று ஊருக்கு விளக்கிச் சொல்ல முடியுமா?

எங்கள் கரையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், விடியும் முன் முதலில் கேட்பது அந்த வீட்டுப் பெண்ணின் ஒப்பாரி. அது தவக்காலத்தில் கோயிலில் பாடுகிற வியாகுலப் பாட்டைப் போலவே மெதுவாக, இழுத்து இழுத்து, அசைந்து அசைந்து வரும். அதன் பிறகு கோயிலில் துக்க மணி. மணி கேட்டால் அன்றைக்கு ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. இறங்கிய வள்ளமும் திரும்பிவிடும். அடக்கம் முடியும்வரை கடல் சும்மா கிடக்கும். யார் என்ன சண்டையில் இருந்தாலும் இந்த வழக்கத்தை ஒருவரும் மீறமாட்டார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை ஏணையில் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கண்ணைத் திறந்தால் முன்வீட்டு அக்கா, தலைமயிரை அவிழ்த்துவிட்டபடி. "என்ர ஐயோ, போயிட்டாரே! ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டாரே!"

நான் என்ன நினைப்பேன்? கடலுக்குப் போன மனுசனை நினைத்தேன். "ஐயோ, என்ர கடவுளே!" என்று ஒரு குழறல் குழறினேன். ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்கு அவ்வளவு உயரத்தில் குரல் வந்தது அன்றைக்குத்தான். அந்தக் குழறல் கோயிலடிவரைக்கும் கேட்டதாம். அதுவரை சந்தேகத்தில் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மணியடிப்பவர் இனி என்ன என்று இழுத்துவிட்டார். டாங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டாங்.

வளவு நிறைந்துவிட்டது. யாரோ அடுத்த வீட்டுக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். யாரோ என் குசினிக்குள் புகுந்து சனத்துக்குக் கோப்பி போடப் பெரிய கேத்தலைத் தேடுகிறார்கள். நானும் முன்வீட்டு அக்காவும் கட்டிப்பிடித்து அழுகிறோம், அவ என் மாமாவுக்கு, நான் என் மனுசனுக்கு. அந்த நேரம் பார்த்து வேலியைப் பிரித்துக்கொண்டு என் மனுசன் ஓடிவருகிறார், "அப்பா! அப்பா!" என்று கத்திக்கொண்டு.

ஓடிப்போய் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்பினேன். "நீங்கள் உயிரோடயா இருக்கிறீங்கள்?"

"என்னடி விசர்க் கதை? அப்பா எங்க?"

அவர் உள்ளே பாய்ந்து தகப்பனின் நெஞ்சில் விழுந்தார். கட்டிலில் இருந்து மாமாவின் குரல், நல்ல உரத்து: "எழும்படா, இடுப்பு நோகுது! ஏன்டா இந்த நேரம் வந்தனீ, வலை அறுந்திட்டுதோ?" பிறகு கதவடியில் திரண்டு நின்ற சனத்தைப் பார்த்து, "என்ன, ஆர் செத்தது?" என்று மிக அக்கறையாக விசாரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆரெண்டாலும் சரி, பிள்ளை, எனக்குத் தேத்தண்ணியைத் தந்திட்டு அழு," என்றார்.

அன்றைக்கு ஒரு வள்ளமும் போகவில்லை. பாதிவழி போனவையும் திரும்பிவிட்டன. மணி தவறி அடித்ததென்று தெரிந்தபோது வெயில் ஏறி, காற்றும் எழும்பிவிட்டது. அடுத்த நாளும் காற்று. வலையில் பட்ட நண்டெல்லாம் வலையிலேயே செத்து நாறியது. ஊர்ச் சனம் முதலில் சிரித்தது, பிறகு நண்டை நினைத்துச் சிரிப்பை நிறுத்தியது. மீனவர் சங்கத்தில் கூடி, இந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லி என் மனுசனிடம் சொல்லிவிட்டார்கள்.

மணி அடித்த அன்றைக்கே, இரவு வேலை முடிந்து வந்த நேர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒப்பாரி மாதிரிக் கேட்டதா? அப்ப ரி கொஞ்சம் சரி வந்திருக்கு, அக்கா."

என் மனுசன் சிரிக்கவில்லை. "வேற நேரத்தில பாடேலாதோ? பின்னேரம் பாடினால் என்ன, பொலிஸ் பிடிக்குமோ?"

"இது விடியப்புறத்து ராகம். என்ர தொண்டையும் விடியப்புறத்துத் தொண்டை. நான் என்ன செய்ய?"

"ஊருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

பாட்டை நிறுத்தினேன். கடைக்குப் போனால், "என்ன டீச்சர், இண்டைக்கு ஆரை அனுப்பப் போறீங்கள்?" என்று கேட்டார்கள். பகிடிதான், நானும் திருப்பிக் கொடுத்தேன்: "லைனில நில்லுங்கோ, உங்கட முறையும் வரும்." வீட்டுக்கு வந்தால் பகிடி வரவில்லை. குரலைப் பட்டினி போட்டால் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். மெல்ல மெல்லத் தகரம் திரும்பி வந்துகொண்டிருந்தது. குருத்தோலை ஞாயிறு நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்தது.

ஒருநாள் மதியம் மாமாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். "ஏன் பிள்ளை இப்ப பாடுறேல்ல?" என்று கேட்டார்.

"பாடினால் நீங்கள் செத்துப்போயிடுறீங்களே, மாமா."

அவர் சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளிவிட்டார். "எனக்கு ராவில நித்திரையே இல்ல. இடுப்பு விடாது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பன். மணிக்கூடு இருக்கிற பக்கம் திரும்பேலாது. எப்ப விடியும், எப்ப விடியும் எண்டு கிடக்கிறவனுக்கு உன்ர பாட்டுக் கேட்டால்தான் சரி, இந்த ராவையும் தாண்டிட்டன் எண்டு தெரியும். நீ நிப்பாட்டினாப் பிறகு ராவு முடியுதே இல்ல, பிள்ளை."

நான் அறைக்குள் கதவைச் சாத்திப் பாடிய காலத்திலேயே மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்து கேட்டிருக்கிறார். அந்தக் கிழட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பின்னேரமே அவர் மகனைக் கூப்பிட்டார். தன்னைக் கதிரையோடு கரைக்குத் தூக்கிப்போகச் சொன்னார். அவர் பிடிவாதம் பிடித்தால் ரயிலே நின்றுதான் போகவேண்டும். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய், வலை தைத்துக்கொண்டிருந்த ஆட்களின் நடுவில் இறக்கினார்கள். நானும் பின்னால் போனேன், வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு.

"எல்லாரும் என்னை நல்லாப் பாருங்கோ," என்றார். "சாகேல்ல. ஆனால் ஒருநாள் சாவன். சாகிற அண்டைக்கு என்ர மருமகள் கதிரையில குந்தியிருந்து சங்கீதம் படிப்பாளோ?"

"படிக்கமாட்டா," என்றது யாரோ.

"அப்ப அவள் பாடினால் என்ன அர்த்தம்? நான் இருக்கிறன் எண்டு அர்த்தம். கொடி காட்டுற மாதிரி. பாட்டுக் கேட்டால் பச்சைக்கொடி, நீங்கள் போகலாம். கேட்காட்டில் நில்லுங்கோ. இதுக்குள்ள என்னடா உங்களுக்குக் குழப்பம்?"

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். சங்கத் தலைவர், "சரி அப்பு, பச்சைக்கொடியெண்டால் பச்சைக்கொடிதான்," என்றார். அவ்வளவுதான், என் பைரவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. சங்கீத உலகத்தில் ரயில்வேக்காரர் பரிந்துரையில் பாடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுபடி தொடங்கினேன். விடியும் முன் கதிரை, தம்பூரா, ஸ. நேர்ஸ் காலை வேலைக்குப் போகிற நாட்களில் வெள்ளை உடுப்போடு வந்து நின்று, விரலால் "மெல்ல, மெல்ல" என்று காட்டிவிட்டுப் போவாள். நான் பாடப்பாட வேலிக்கு அந்தப் பக்கம் வள்ளங்கள் இறங்கும். முதல் சில நாள் கரையிலிருந்து யாராவது, "அப்பு இருக்கிறார் போல!" என்று கத்துவார்கள். உள்ளேயிருந்து மாமா, "இருக்கிறன்டா!" என்று பதிலுக்குக் கத்துவார். நான் நடுவில் பாடிக்கொண்டிருப்பேன். இந்த ராகத்தை வட இந்தியக்காரர் சாந்தமான ராகம் என்று சொல்கிறார்களாம். எங்கள் வளவில் அதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. உயிர்ப்புப் பாட்டுகளுக்குப் பயிற்சி. கீபோட் வாசித்து எங்களை நடத்துகிற தம்பி நல்ல மரியாதையான பிள்ளை. "அக்கா, அல்லேலூயாவை ஒருக்கா எடுத்துப் பாருங்கோவன்," என்றான். எல்லோரும் எனக்காக வழிவிட்டு நின்றார்கள். தொடக்கம் நல்லாகத்தான் போனது. அந்தத் தடித்த குரல் கோயிலை நிறைத்தது எனக்கே கேட்டது. பிறகு அந்த மேல் படி. அதில் காலை வைத்தேன். குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மேலே போனது, மற்றப் பாதி விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை. இன்னொரு தரம் எடுத்தேன், இன்னொரு தரம் பிளந்தது. நானே, "வேற ஆளைப் பாருங்கோ," என்றேன். அந்த இடம் என்னிடம் முன்பள்ளியில் படித்த ஒருத்திக்குப் போனது. "நல்லாப் பாடு, மகள்," என்றேன். அவளும் உடனே எடுத்து நல்லாகவே பாடித் தொலைத்தாள்.

வீட்டுக்கு வந்து நேரே அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். நேர்ஸ் கதவடியில் வந்து நின்று, "அக்கா, அது மேல் வீடு. நாங்க இன்னும்..." என்று தொடங்கினாள். "உன்ர வீட்டுக் கதையை விடு தங்கச்சி, எனக்கு வீடும் வேண்டாம் வாசலும் வேண்டாம்," என்றேன். அவள் பாவம், திரும்பிப் போய்விட்டாள். எனக்குள் ஒன்றுதான் ஓடியது: இத்தனை விடியலும் வீண். அந்த ஒரு பாட்டுக்காகத்தானே எல்லாம்? அது இல்லையென்றால் நண்டு பிடிக்கிற ஆட்களுக்கு எழுப்புமணி அடிக்கவா நான் எழும்புகிறேன்?

அடுத்த நாள் விடியப்புறம் முழிப்பு வந்தது. எழும்பவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என் மனுசன் கரைக்குப் போகும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சின் சத்தமே கேட்கவில்லை. காற்றும் இல்லை, கடலும் அமைதி, என்ன நடந்தது என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். அந்த நேரம் கதவை இடித்துக்கொண்டு அவர் ஓடிவந்தார். நேரே தகப்பனின் அறைக்குப் போனார்.

"அப்பா!"

"இருக்கிறன்டா! கத்தாதை!" என்றார் மாமா. "அவளுக்குத்தான் என்னவோ. போய்ப் பார்."

அவர் என் கட்டிலடியில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. "ஏன் பாடேல்ல?"

"இனிப் பாடமாட்டன். போய் மாமா இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ, போகட்டும்."

போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு மாதிரி வெட்கம்.

"சொன்னனான். நம்பீட்டாங்கள். ஆனால் ஒருத்தனும் வள்ளத்தில கை வைக்கிறானில்ல. தொப்பியைக் கழட்டிப்போட்டு நிக்கிறாங்கள்."

"ஏனாம்?"

"அந்தப் பாட்டைக் கேட்காமல் கடலுக்குள்ள கால் வைக்க மனம் வருகுதில்லையாம்." கட்டில் விளிம்பில் இருந்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கும்தான்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்த மனிதர் என் பாட்டைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. கோயிலில் நான் பாடி முடித்தால் மற்ற ஆட்களோடு சேர்ந்து வெளியில் போய்ச் சுருட்டுப் பற்றவைப்பார். இப்போது கட்டிலில் இருந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எவ்வளவு காலம் வைத்திருந்து சொல்கிறது!

"என்ர குரல் சரியில்ல," என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியுமோ?" என்றார். "நீ பாடு."

மாமா உள்ளேயிருந்து, "பிள்ளை, வெயில் ஏறப்போகுது! நண்டு உனக்காகப் பார்த்துக்கொண்டு நிக்காது!" என்று சத்தம் போட்டார்.

என் மனுசன் கரைக்குப் போய்விட்டார். நான் தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு, முகம்கூடக் கழுவாமல் பின்வளவுக்குப் போனேன். தம்பூராப் போடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்பது இருட்டில் தெரியவில்லை, ஆனால் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அவ்வளவு பேர் எனக்காக அப்படி அமைதியாக நின்றதில்லை, கோயிலில்கூட.

ஸவை எடுத்தேன். அழுத தொண்டை, கரகரத்தது. அதைச் சரிப்படுத்தவில்லை. ரிஷபத்துக்குப் போனேன். சரியாக ஆட்டினேனா, பிழையாக ஆட்டினேனா என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. அதிலேயே நின்றேன், எவ்வளவு நேரமென்று தெரியாது. கரையில் ஒரு இஞ்சின் கிளம்பியது. காந்தாரம், மத்திமம் என்று போனேன், இன்னொன்று கிளம்பியது. பிறகு ஒவ்வொன்றாக. நேர்ஸ் அறை வாசலில் வெள்ளை உடுப்போடு நின்றாள், அன்றைக்கு அவள் விரலைத் தூக்கவில்லை.

சத்தமெல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது. எங்கள் வள்ளத்தின் இஞ்சின் மட்டும் கேட்கவில்லை. அதன் இருமல் எனக்குத் தெரியும், கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். நான் தைவதம் வரைக்கும் ஏறி, மேல் ஸவைத் தொடாமல், வந்த வழியே ஒவ்வொரு படியாக இறங்கி, ஸவில் வந்து மூச்சு முடியும்வரை நின்று முடித்தேன். அதற்குப் பிறகுதான் எங்கள் வள்ளம் கிளம்பியது.